விலங்குக்கு முன் நீர்

மெக்சிகோ நகரின் தென்கோடியிலுள்ள சொச்சிமில்கோ கால்வாய்கள் ஏறத்தாழ மும்பையின் அட்சரேகையில் அமைந்தவை. உயரமோ உதகமண்டலத்தினுடையது, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். ஆக்சோலோட்டல் என்னும் இருவாழ்வி இயற்கையில் எஞ்சியிருக்கும் இடம் அதுதான். உலகப்படத்தில் விரலை வைத்து, வெப்பமண்டல விலங்குதானே, இந்தியாவில் வளராதா என்று கேட்பவர் அந்த உயரத்தை மறந்துவிடுகிறார். மலைமேல் ஊற்றுநீர் தேங்கிய ஏரியில் உருவான குளிர்நீர் விலங்கு அது. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில் நலமாக வாழும். 24 டிகிரியைத் தாண்டிய நீரில் நாள்கணக்கில் கிடக்க நேர்ந்தால் உணவை மறுக்கும், பூஞ்சைத் தொற்றுக்கு ஆளாகும், மெல்ல மடியும்.

இந்த விலங்கு இன்று இந்திய நகரங்களின் அலங்கார மீன் கடைகளில் விலைக்குக் கிடைக்கிறது. உயிரியல் துறைகளுக்கு அதன்மேல் உள்ள ஈர்ப்பு இன்னும் பழையது. துண்டிக்கப்பட்ட காலை எலும்பு, தசை, நரம்பு உட்பட முழுமையாக மீட்டு வளர்க்கும் திறன் அதற்கு உண்டு. 2018இல் வெளியான அதன் மரபணுத்தொகுப்பு சுமார் 3,200 கோடி கார இணைகள் கொண்டது. மனிதனுடையதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு பெரியது. ஆர்வம் வியப்புக்குரியதன்று. வியப்பு, அந்த ஆர்வம் செயல்படும் வரிசையில் இருக்கிறது. வாங்குபவர் வீட்டுக்காரரானாலும் துறைத்தலைவரானாலும் முதலில் விலங்கு வருகிறது, அதனுடனோ மறுநாளோ கண்ணாடித் தொட்டி வருகிறது, விலங்கு நோயுற்ற பிறகே நீரைப் பற்றிய கேள்வி எழுகிறது. வீட்டில் இது ஓர் உயிரின் துன்பம். ஆய்வுக்கூடத்தில் அந்தத் துன்பத்தோடு, அதிலிருந்து பெறப்படும் தரவின் நம்பகத்தன்மையும் சேர்ந்தே கெடுகிறது.

கண் இங்கே உதவாது. நீர் கலங்கினால் மாற்றலாம் என்று காத்திருப்பவர் கலங்கலை அளக்கிறாரே தவிர நஞ்சை அளப்பதில்லை. பளிங்குபோல் தெளிந்த நீரில் விலங்கைக் கொல்லும் அளவு அம்மோனியா கரைந்திருக்க முடியும். ஓரளவு பாசி படிந்து பழுப்பேறிய நீர் முற்றிலும் நலமானதாக இருக்கவும் கூடும். நீர்வாழ் இருவாழ்விகள் தங்கள் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகவே வெளியேற்றுகின்றன. தின்னாமல் விட்ட மண்புழுத் துண்டும் மலமும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. ஆற்றிலோ ஏரியிலோ இது நீர்த்துப்போகும். நூறு லிட்டர் தொட்டியில் அதற்குப் போக இடமில்லை.

பரிசோதனைப் பெட்டியிலுள்ள சொட்டுமருந்து காட்டும் எண் மொத்த அம்மோனியா. அதில் நச்சுத்தன்மை மிகுந்தது மின்னேற்றமற்ற அம்மோனியா. அம்மோனியம் அயனியின் தீங்கு ஒப்பீட்டளவில் குறைவு. இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை பி.எச். மதிப்பும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. பி.எச். 7, வெப்பநிலை 18 டிகிரி என்றால், மொத்த அம்மோனியாவில் சுமார் 0.34 சதவீதம் மட்டுமே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8.2, வெப்பநிலை 30 டிகிரி என்றால் அது 11 சதவீதத்தைத் தாண்டுகிறது. சோதனைக் குழாயில் இரண்டுக்கும் ஒரே பச்சை நிறந்தான் தெரியும். விலங்கின் செவுள்களுக்கு முப்பது மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. அம்மோனியாவை மட்டும் குறித்துவிட்டு பி.எச். மதிப்பையும் வெப்பநிலையையும் குறிக்காத பதிவேடு, நோயாளியின் உயரத்தைக் கேட்காமல் எடையை மட்டும் எழுதிக்கொண்ட மருத்துவக் குறிப்பைப் போன்றது.

இங்கேதான் நம் துறைகளில் புழங்கும் கையேடுகளின் ஒரு மறைவான குறை வெளிப்படுகிறது. ஆக்சோலோட்டல் ஆய்வகத்துக்குள் வந்த வரலாறு குளிர்நாடுகளின் வரலாறு. 1863இல் பிரெஞ்சுப் படையெடுப்பின்போது மெக்சிகோவிலிருந்து 34 விலங்குகள் பாரிசுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஆறு, அடுத்த ஆண்டில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒகுஸ்த் துய்மெரிலிடம் சேர்ந்தன. அவர் வளர்த்துப் பெருக்கிய வழித்தோன்றல்கள் ஐரோப்பாவின் ஆய்வகங்களுக்குப் பரவின. பிற்காலத்தில் அமெரிக்காவின் இந்தியானாவில் பெரும் வளர்ப்புக் கூட்டம் உருவாகி, 2005இல் கெண்டக்கி பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தது. இந்த இடங்களில் எல்லாம் எழுதப்பட்ட வளர்ப்புக் குறிப்புகளில் 'அறை வெப்பநிலை' என்ற சொல் மிக இயல்பாக வரும். அங்கே அந்த அறை தானாகவே குளிர்ந்திருக்கும், அல்லது சிறு செலவில் குளிரும். அதே சொல் நாக்பூருக்கோ வாரங்கலுக்கோ மொழிபெயர்க்கப்படும்போது, மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், அது 33 டிகிரி அறையைக் குறிக்கத் தொடங்குகிறது. கையேட்டின் மற்ற எண்கள் அனைத்தும், எத்தனை நாளுக்கொரு முறை நீர் மாற்றுவது, எவ்வளவு உணவிடுவது, எவ்வளவு அம்மோனியா வரை பொறுக்கலாம் என்பவை எல்லாம், அந்தக் குளிர்ந்த அறையை அடியில் வைத்துக் கட்டப்பட்டவை. அடித்தளத்தை உருவிவிட்டு மேற்கட்டுமானத்தை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறோம்.

வெப்பம் செய்யும் கேடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. கடல்மட்ட அளவில், 18 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 9.5 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5ஆகக் குறையும். குளிர் இரத்த விலங்கின் வளர்சிதை வேகமோ வெப்பம் ஏற ஏற மிகும். ஆக்சிஜன் குறையும் நேரத்தில் தேவை கூடுகிறது, கழிவும் கூடுகிறது, கழிவின் நச்சுப் பங்கும் கூடுகிறது. செவுள், தோல், நுரையீரல் என மூன்று வழியிலும் மூச்சுவிடும் விலங்கு இது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கத் தொடங்கினால் பார்வையாளர்கள் அதை விளையாட்டு என்று எண்ணிப் படமெடுக்கிறார்கள்.

அம்மோனியாவை அகற்றும் வேலையைச் செய்வது வடிகட்டி அல்ல, வடிகட்டியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இரண்டாவது வேலைக்கு நைட்ரோபேக்டர் என்று நம் பாடநூல்கள் இன்றும் எழுதுகின்றன. நன்னீர்த் தொட்டிகளில் அந்தப் பணியில் முன்னிற்பது நைட்ரோஸ்பைரா என்பது 1990களின் பிற்பகுதியிலேயே காட்டப்பட்டுவிட்டது. 2015இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழுப் பாதையையும் தனியொரு நைட்ரோஸ்பைராவே கடக்க முடியும் என்று இரு குழுக்கள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. அவற்றுள் ஒன்று அந்த நுண்ணுயிரைக் கண்டெடுத்தது மீன்வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியிலிருந்து. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்திருந்த கருத்தைத் திருத்திய சான்று, பல துறைகளில் கடைநிலை ஊழியரின் பொறுப்பு என்று ஒதுக்கப்படும் அந்த ஸ்பாஞ்சுத் துண்டின் உறவினரிடமிருந்து வந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்லலாம்.

இந்த நுண்ணுயிர்க் கூட்டம் ஒரே இரவில் உருவாவதில்லை. 'சைக்கிள் செய்தல்' என்று வளர்ப்போர் குறிப்பிடும் பணிக்கு நான்கு முதல் எட்டு வாரம் வரை ஆகும். விலங்கில்லாத தொட்டியில் அம்மோனியம் குளோரைடைக் கரைத்து லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அம்மோனியாவை நிறுத்தி, அது 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லாத நிலைக்கு வருகிறதா என்று பார்ப்பதே முறையான வழி. விலங்கை விட்டு அதன் கழிவாலேயே நுண்ணுயிர்களை வளர்க்கும் பழைய வழி அந்த வாரங்கள் முழுவதும் விலங்கை நஞ்சில் ஊறவைக்கிறது. நைட்ரைட் இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏந்த இயலாத வடிவத்துக்கு மாற்றிவிடும். நீரில் ஆக்சிஜன் நிறைந்திருக்கையிலேயே விலங்கு மூச்சுத் திணறும். இதில் ஒரு நுட்பமும் உண்டு. 28 டிகிரியில் சுறுசுறுப்பாக இயங்கிய நுண்ணுயிர்கள் 18 டிகிரியில் மந்தமாகும். ஆகவே தொட்டியை வெம்மையில் பழக்கிவிட்டுப் பிறகு குளிரூட்டுபவர், குளிர்ந்த பின் அதே சோதனையை மீண்டும் செய்தாக வேண்டும். பலர் முதல் சோதனையோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆய்வுக்குழு வரும் நாளுக்கு முன்தினம் துறையில் நடக்கும் துப்புரவு இந்த நுண்ணுயிர்களின் முதற்பகை. ஸ்பாஞ்சு குழாயடியில் குளோரின் நீரில் பிழியப்படும். தொட்டி முழுதும் காலி செய்து தேய்க்கப்படும். மறுநாள் எல்லாம் மின்னும். அடுத்த வாரம் விலங்கின் செவுள்கள் சுருங்கும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே ஸ்பாஞ்சை மெதுவாக அலசுவதும், வாரத்துக்கு நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுவதும் பார்வைக்கு அழுக்கான பழக்கங்கள். அவையே சரியானவை.

மாற்றும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதில் இந்தியாவுக்கே உரிய சிக்கல்கள் பல உள்ளன. நகராட்சிக் குழாய்நீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் வெளியேறும், சோடியம் தயோசல்ஃபேட் உடனே முறிக்கும். குளோரமின் சேர்த்த நீர் அப்படித் திறந்து வைப்பதால் தெளியாது. தயோசல்ஃபேட் அதை முறிக்கும்போது அம்மோனியா வெளிப்படும். கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீர் கையைச் சுடும் சூட்டில் வரும். அதை அப்படியே 18 டிகிரி தொட்டியில் ஊற்றுவதற்கு எந்தக் கையேடும் எச்சரிக்கை எழுதவில்லை, ஏனெனில் எழுதியவர்களுக்கு மொட்டைமாடித் தொட்டி கிடையாது.

ஆழ்துளைக் கிணற்று நீரின் கதை வேறு. நீர் மாற்றுவதன் முக்கிய நோக்கம், நுண்ணுயிர்கள் இறுதியில் உருவாக்கிய நைட்ரேட்டை வெளியேற்றுவது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை ஏற்கிறது. நாட்டின் பல மாவட்டங்களில் உரமும் கழிவுநீரும் இறங்கிய நிலத்தடி நீர் அதையும் மீறுகிறது. ஒரு தொட்டியில் வாரம் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் உருவாகிறது என்றும், வாரந்தோறும் கால்பங்கு நீர் மாற்றப்படுகிறது என்றும் கொள்வோம். ஊற்றும் நீரில் நைட்ரேட்டே இல்லையெனில், தொட்டியின் அளவு நாளடைவில் 40ஐ எட்டி அங்கே நிலைக்கும். ஊற்றும் நீரிலேயே 45 இருந்தால் 85இல் நிலைக்கும். வாளியின் எண்ணிக்கையை எத்தனை கூட்டினாலும் தொட்டிநீர் கிணற்றுநீரைவிடத் தூயதாகாது. பல வளர்ப்போர் 20ஐ இலக்காகவும் 40ஐ எல்லையாகவும் வைத்திருக்கிறார்கள் என்பதை இதனுடன் ஒப்பிடலாம். நைட்ரேட் என்றும் நைட்ரேட்-நைட்ரஜன் என்றும் இருவகையாக அறிக்கைகள் எழுதப்படுவது இன்னொரு குழப்பம்; முதல் கணக்கில் 45 என்பது இரண்டாம் கணக்கில் சுமார் 10 மட்டுமே. அலகைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

சரி, ஆர்.ஓ. நீர் என்று ஒரு மாற்று சொல்லப்படும். அதில் நைட்ரேட்டும் குறைவு, காரத்தன்மையும் குறைவு. ஒரு மில்லிகிராம் அம்மோனியா-நைட்ரஜனை ஆக்சிஜனேற்றம் செய்ய நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 4.6 மில்லிகிராம் ஆக்சிஜனையும், கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.1 மில்லிகிராம் காரத்தன்மையையும் செலவிடுகின்றன. தாங்குவதற்குக் காரத்தன்மை இல்லாத நீரில் பி.எச். சில வாரங்களில் சரியும். சரிந்தால் அந்த நுண்ணுயிர்களே வேலையை நிறுத்திவிடும். ஆய்வகங்கள் ஹோல்ட்ஃப்ரெட்டர் கரைசலை நீர்த்துப் பயன்படுத்துவதற்கும், சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் உப்புகளை அளந்து சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. ஆக்சோலோட்டலின் ஏரி கனிமம் நிறைந்த கடினநீர். அதற்கு மழைநீர் போன்ற வெறும் நீர் தூய்மையன்று, பற்றாக்குறை. ஆழ்துளை நீரையும் ஆர்.ஓ. நீரையும் அளந்து கலந்து, கலவையைச் சோதித்துப் பயன்படுத்துவதே பெரும்பாலான ஊர்களில் நடைமுறைக்கு ஏற்றது.

குளிரூட்டும் சில்லர் விலையுயர்ந்தது என்பதால் நீர்ப்பரப்பின் மீது மின்விசிறி வைப்பது பரவலான வழக்கம். ஆவியாதல் வெப்பத்தை எடுத்துச்செல்லும் என்பது சரியே. ஆனால் அது காற்றின் ஈரப்பதத்துக்குக் கட்டுப்பட்டது. சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற கடலோரக் காற்றில் ஓரிரு டிகிரிக்குமேல் இறங்குவது கடினம். தில்லியின் வறண்ட ஏப்ரலில் நன்றாக இறங்கும். அங்கே வேறொரு விலை கொடுக்க வேண்டும். ஆவியாவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். நூறு லிட்டர் தொட்டியில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகி, அதை ஈடுசெய்ய லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புக் கரைந்த கிணற்றுநீர் ஊற்றப்பட்டால், வேறு நீர்மாற்றம் இல்லாதபட்சத்தில் ஒரு மாதத்தில் கரைந்த உப்பு லிட்டருக்கு 900 மில்லிகிராம் ஏறிவிடும். ஆவியான அளவை ஈடுசெய்ய ஆர்.ஓ. நீர், மாற்றுவதற்குக் கலவை நீர் என்ற சிறு ஒழுங்கு இதைத் தவிர்க்கும். பனிக்கட்டிப் புட்டிகளை மிதக்கவிடுவது இன்னும் மோசம். காலையில் 17, பிற்பகலில் 26 என்று விலங்கை ஊசலாட்டும்.

இத்தனை பதற்றம் எதற்கு, ஆக்சோலோட்டல் கடினமான உயிர், கெட்ட நீரிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் மறுப்பதுண்டு. மறுப்பில் உண்மை இருக்கிறது. உண்ணாமல் பல நாள் தாங்கும், சிதைந்த செவுளை மீண்டும் வளர்க்கும் விலங்கு அது. கவலைக்குக் காரணமும் அதுவே. வரிமீன் இறந்து மிதந்து தன் எதிர்ப்பைத் தெரிவிக்கும். ஆக்சோலோட்டல் அடியில் அமர்ந்து பொறுத்துக்கொள்ளும். செவுள் இழைகள் குட்டையாவது, வால்நுனி சுருள்வது, தோலில் பஞ்சு போன்ற பூஞ்சை படிவது ஆகியவை மெல்ல வருவதால் தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு மாற்றம் தெரிவதில்லை. காட்டிலும் இந்தப் பொறுமைக்கு ஓர் எல்லை இருந்தது. சொச்சிமில்கோவின் ஊற்றுகள் பெருநகரத்தின் தாகத்துக்குத் திருப்பப்பட்டு, கால்வாய்களுக்குச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் விடப்படலாயிற்று. கெண்டையும் திலாப்பியாவும் புகுந்தன. 1998இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை 2014இல் 36 ஆயிற்று. மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உழவர்களுடன் சேர்ந்து கால்வாய்களின் சிறு பகுதிகளைத் தாவர வடிகட்டிகளால் மறித்து அடைக்கலங்களாக்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறார்கள். கூண்டில் பிறந்த 18 விலங்குகளை அத்தகைய அடைக்கலமொன்றிலும் ஒரு செயற்கை ஈரநிலத்திலும் விட்டுப் பின்தொடர்ந்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. கண்காணிப்புக் காலம் முழுவதும் அவை உயிருடன் இருந்தன. மீண்டும் பிடிபட்டவை எடை கூடியிருந்தன. அங்கே நீரைத் தயார் செய்த பின்னர்தான் விலங்கு விடப்பட்டது.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினால், கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வெட்டிய கால் மீண்டும் வளர எத்தனை நாள் ஆயிற்று என்பது மீளுருவாக்க ஆய்வின் அடிப்படை அளவை. அந்த வேகம் வெப்பநிலையைச் சார்ந்தது. 18 டிகிரியில் ஓராய்வும் 25 டிகிரியில் மற்றோராய்வும் நடந்திருந்தால், இரண்டின் நாள்கணக்கை ஒப்பிடுவதில் பொருளில்லை. நாட்பட்ட அம்மோனியா அழுத்தத்தில் இருக்கும் விலங்கின் நோயெதிர்ப்பு நிலையும் வேறு. மீளுருவாக்கத்தில் நோயெதிர்ப்புச் செல்களுக்குப் பங்குண்டு என்பது நிறுவப்பட்ட செய்தி. இவ்வளவு தெரிந்தும் நம் ஆய்வேடுகளில் நீருக்குக் கிடைக்கும் இடம் ஒரே ஒரு வாக்கியம்: விலங்குகள் குளோரின் நீக்கிய நீரில் வளர்க்கப்பட்டன. முதலிகளின் வரிசையும் எதிர்பொருள்களின் தொகுதி எண்ணும் பின்னிணைப்பில் பக்கம் பக்கமாக வரும்.

குறை ஆய்வாளர்களுடையது மட்டுமன்று. விலங்கு ஆய்வுகளை அறிக்கையிடுவதற்கென உலகளவில் ஏற்கப்பட்ட அரைவ் நெறிமுறைகள், 2020இல் திருத்தி வெளியிடப்பட்டபோது இரண்டு பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டன. இன்றியமையாத பத்து முதற்பட்டியல். பரிந்துரைக்கப்படுபவை இரண்டாம் பட்டியல். விலங்கின் இருப்பிடமும் பராமரிப்பும் இரண்டாவதில் சென்று அமர்ந்தன. எலியை மனத்தில் வைத்துப் பிரித்தவர்களுக்கு அது நியாயமாகப் பட்டிருக்கலாம். எலி தன் கழிவைச் சுவாசிப்பதில்லை. ஆக்சோலோட்டலுக்கு நீரே மூச்சு, நீரே கழிவிடம். கரைந்துள்ள எதுவும் தோல்வழி உள்ளே செல்லும். அதற்குக் கொடுக்கும் மருந்தைக்கூட நீரில்தான் கரைக்கிறார்கள். ஊடகமே மருந்தேற்றும் வழியாக இருக்கையில், அந்த ஊடகத்தின் வேதியியலைப் பரிந்துரைப் பட்டியலில் விட்டுவைப்பது நீர்வாழ் விலங்குகளைப் பொறுத்தவரை தவறான தீர்ப்பு.

இதில் பேசப்படாத ஒரு மனிதரும் இருக்கிறார். தொட்டியின் நீரை மாற்றுபவர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். வெள்ளிக்கிழமை மின்வெட்டில் சில்லர் நின்றது, திங்களன்று நீரில் வாடை வந்தது, மூன்றாம் தொட்டி விலங்கு இரு நாளாக மண்புழுவைத் தொடவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை. அவருக்கு எழுத ஏடும் கிடையாது. முனைவர் பட்ட மாணவர் மூன்று மாதம் கழித்து வரைபடத்தில் ஒரு விலகல் புள்ளியைக் கண்டு, அதைப் புள்ளியியல் முறைப்படி நீக்குகிறார். அந்தப் புள்ளியின் காரணம் அதே நடைக்கூடத்தில் வாளியோடு நடந்துபோகிறது. தேதி, வெப்பநிலை, பி.எச்., மொத்த அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், காரத்தன்மை, மாற்றிய நீரின் அளவு, அதன் மூலம், மின்வெட்டு நேரம் என்று பத்துக் கட்டங்கள் கொண்ட ஏடு ஒன்று தொட்டியருகே தொங்கினால் போதும். அதை நிரப்புபவரின் பெயர் ஆய்வுக்கட்டுரையின் நன்றியுரையிலாவது இடம்பெறுவது முறை.

இனி, ஒரு திட்டவட்டமான முன்மொழிவு. ஆக்சோலோட்டல் கேட்டு வரும் எந்த ஆய்வுத் திட்டத்துக்கும், நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி தருமுன், அதே கட்டடத்தில், அதே அறையில், விலங்கில்லாத தொட்டி ஒன்று ஒரு முழு மே மாதத்தைக் கடந்ததற்கான நீர்ப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். நாளும் அம்மோனியம் குளோரைடு இடப்பட்டு, 18 டிகிரியில் நிறுத்தப்பட்டு, மின்வெட்டுகளையும் நீண்ட விடுமுறையையும் அது தாங்கியிருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய அந்த மாதத்தில் சில்லரின் திறன், மாற்று மின்சாரத்தின் நம்பகம், கிணற்றுநீரின் உப்பு, விடுமுறையில் சாவி யாரிடம் இருக்கிறது என்பது வரை எல்லாமே வெளிப்பட்டுவிடும். வெறும் தொட்டியில் தோற்றால் இழப்பு கொஞ்சம் மின்கட்டணம்.

ஐந்தாண்டு ஆய்வில் ஓராண்டை நீருக்குக் கொடுப்பதா என்ற எதிர்ப்பு வரும். உதவித்தொகையின் காலக்கெடுவை நினைத்தால் அது எளிதில் தள்ளக்கூடிய எதிர்ப்புமன்று. ஆனால் ஓராண்டு தேவைப்படாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதலாண்டு பாடநெறிக்கும் இலக்கிய ஆய்வுக்கும் செல்கிறது. தொட்டி அதற்குப் பக்கத்திலேயே ஓடலாம், நாளுக்கு இருபது நிமிடம் கேட்கும். சில்லர் வாங்கப் பணமில்லை என்பது வேறு வகையான மறுப்பு. பணமில்லாத துறை இந்த விலங்கை வாங்கக் கூடாது என்பதே அதற்கு விடை. மீளுருவாக்கத்தைப் படிக்க பிளனேரியா தட்டைப்புழுக்கள் இருக்கின்றன. 28 டிகிரியில் இயல்பாக வாழும் வரிமீன் தன் துடுப்பை மீண்டும் வளர்க்கிறது. நம் அறைகளின் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும் விலங்கைத் தேர்வது தரக்குறைவான அறிவியல் ஆகாது.

வீடுகளில் வளர்ப்போருக்கு நெறிமுறைக் குழு இல்லை. சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஆக்சோலோட்டல் இருக்கிறது. அப்பட்டியல்களிலுள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2022இல் திருத்தப்பட்ட வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வகை செய்கிறது. விற்கும் கடைக்காரர் இதையும் சொல்வதில்லை, எட்டு வாரக் காத்திருப்பையும் சொல்வதில்லை. விலங்கும் தொட்டியும் ஒரே ரசீதில் எழுதப்படுகின்றன. உயிரியல் படித்தவரிடம் ஆலோசனை கேட்டு வரும் அண்டை வீட்டுக்காரருக்கு, நண்பரின் பிள்ளைக்கு, மே மாதத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தின் வெப்பநிலை என்ன என்று முதலில் கேட்கலாம். சில்லர் வாங்கும் எண்ணமில்லை என்றால் வாங்க வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடலாம். எண்ணமுண்டு என்றால், இந்த வாரம் தொட்டி, ஸ்பாஞ்சு வடிகட்டி, அம்மோனியம் குளோரைடு, சொட்டுமருந்துச் சோதனைப் பெட்டி ஆகிய நான்கை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் கழித்துப் பதிவேட்டோடு வரச் சொல்லலாம்.